ஸ்பீக்கருக்கு லட்சம்... காதுக்கு?

ரிடையர்மெண்ட் பணம் கைக்கு வந்ததும் ஆளுக்கு ஓர் ஆசை தலைதூக்கும். சிலருக்குக் காசி யாத்திரை. சிலருக்கு மொட்டை மாடியில் ஒரு ரூம். இன்னொரு ரகம் இருக்கிறது. ஹாலில் டி.வி.க்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர் மாதிரி ஸ்பீக்கர்களை நிறுத்தி, ஈஸிசேரில் சாய்ந்து, ராஜா பாட்டிலிருந்து ராகம் தானம் பல்லவி வரைக்கும் ஆற அமரக் கேட்க வேண்டும் என்று நினைக்கிற ரகம். கடைக்காரர்கள் 'டவர் ஸ்பீக்கர்' என்கிறார்களே, அதுதான். தரையிலேயே நிற்கும், இடுப்புக்கு மேல் உயரம் இருக்கும்.

இதில் இரண்டு ஜாதி. ஒன்று சில பத்தாயிரங்களில் ஜோடி கிடைப்பது. இன்னொன்று லட்சங்களில் ஆரம்பித்து எங்கே போய் நிற்கும் என்றே சொல்ல முடியாதது. "எதை வாங்கலாம்?" என்பது கேள்வி. ஹெல்த் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று நினைக்காதீர்கள். கேட்பது காது, அது உடம்பில்தானே இருக்கிறது?

எனக்குத் தெரிந்தவரை திருச்சியை அடுத்த துவாக்குடி வட்டாரத்தில் இந்த ஆசை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. காரணமும் புரிகிறது. 1964-ல் அங்கே இன்ஜினீயரிங் காலேஜ் (இன்றைய என்.ஐ.டி.), 1965-ல் பக்கத்திலேயே பி.ஹெச்.இ.எல். பாய்லர் தொழிற்சாலை. அதைச் சுற்றிக்கொண்டு சிட்கோ எஸ்டேட்டில் இரும்பு வெட்டுகிற, வளைக்கிற, வெல்டிங் பண்ணுகிற பட்டறைகள். இந்தப் பக்கம் தஞ்சாவூர் ரோட்டில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிற லாரி. "முப்பது வருஷமா கிரைண்டிங் சத்தத்தையே கேட்ட காதுக்கு இனிமேலாவது நல்ல சங்கீதம் வேண்டாமா சார்?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. முப்பது வருஷம் கிரைண்டிங் சத்தம் கேட்ட காது இன்றைக்கு எப்படி இருக்கிறது?

பாய்லர் வேலைக்கும் காதுக்கும் உள்ள பகை மிகப் பழையது. 1886-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் தாமஸ் பார் என்ற காது டாக்டர், நூறு பாய்லர் தொழிலாளர்களையும் நூறு தபால்காரர்களையும் உட்கார வைத்துக் காதைச் சோதித்தார். தபால்காரர்களோடு ஒப்பிட்டால் பாய்லர்காரர்களின் நிலைமை படுமோசம். பொதுக்கூட்டத்துக்குப் போனால் பேச்சு புரியாது என்கிற அளவுக்கு. 'பாய்லர்காரர் செவிடு' என்றே ஆங்கில மருத்துவத்தில் அதற்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்குத் தொழிற்சாலைகளில் காதுக்கு அடைப்பான் கொடுக்கிறார்கள், எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று விதி இருக்கிறது. எல்லாம் சரி. அந்த அடைப்பானைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு சர்வீஸை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுக்காரரையே கேட்டுப் பாருங்கள். கழுத்து வேர்க்கிறது, அரிக்கிறது, பக்கத்து ஆள் கூப்பிட்டால் கேட்கவில்லை... நூறு காரணம்!

உள்காதில் சோழியைப் போலச் சுருண்ட ஓர் உறுப்பு. அதற்குள் பிறக்கும்போதே சுமார் 15 ஆயிரம் நுண்ணிய மயிர்ச் செல்கள். அவ்வளவுதான் மொத்த இருப்பு. தலைமுடி மாதிரி திரும்ப முளைக்காது. பெரிய சத்தத்தில் நாள் கணக்கில் இருந்தால் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள ஒலிகளைப் பிடிக்கிற செல்கள். இதில் தந்திரம் என்னவென்றால், பேச்சு 'கேட்கும்', ஆனால் தெளிவாக இருக்காது. ச, ஸ, ஷ மாதிரி மெல்லிய எழுத்துகள் விழுந்துவிடும். "நீ முணுமுணுக்கிறே" என்று பெண்டாட்டி மேல் பழி விழும். டி.வி. சவுண்டு 20-லிருந்து 35-க்கு ஏறும். பாட்டிலும் அதே கதைதான். வயலினின் நாக்கு, ஜாலராவின் 'சிங்', மிருதங்கத்தில் சாப்பு விழும்போது வருகிற அந்த வெடிப்பு எல்லாம் மங்கும்.

இதற்கு மேல் வயசு வேறு. குழந்தைக்கு 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அறுபதைத் தாண்டிய பலருக்கு 10, 12 ஆயிரத்தோடு முடிந்துவிடும். அது யாருக்கும் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கடையில் ஒருவர் "சார், இந்த ட்வீட்டர் 40 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும்" என்று சொல்லி அதற்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கேட்டால், அந்த 40 ஆயிரத்தை உங்கள் வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்? தெருநாய்க்குக் கேட்கும்!

ஆகவே என் முதல் கட்சி இது. ஐம்பத்தைந்து வயசுக்கு மேல் இருந்தாலோ, சத்தமான இடத்தில் வேலை பார்த்திருந்தாலோ, ஸ்பீக்கர் கடைக்குப் போவதற்கு முன்னால் காது டாக்டரிடம் போங்கள். 'ஆடியோகிராம்' என்று ஒரு டெஸ்ட். கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு ரூமில் ஹெட்போனை மாட்டி, கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். வலியில்லை, ஊசியில்லை, அரை மணி நேரம் போதும். திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலேயே காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஒரு காது மட்டும் டல்லாக இருந்தாலும் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் ஸ்டீரியோவின் மாயமே போச்சு. நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வார், நீங்கள் ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். காதுக்குள் எந்நேரமும் 'ங்ங்' என்று ரீங்காரம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். "அது வயசுக்கு வர்றதுதான்" என்று நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

டெஸ்டில் குறை இருக்கிறது, காது மெஷின் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால்? இங்கேதான் எனக்குக் கோபமே வரும். நல்ல மெஷின் ஒரு ஜோடி லட்சத்தைத் தொடும். "அவ்வளவு ரூபாயா? எனக்கென்ன செவிடா?" என்று எழுந்து வருகிற அதே மனிதர், ஸ்பீக்கருக்கு மூன்று லட்சம் எடுத்து வைப்பார். மெஷின் போட்டால் ஊர் பார்க்கும், ஸ்பீக்கர் வாங்கினால் ஊர் பாராட்டும். வேறென்ன? இப்போது வருகிற மெஷின்களில் பாட்டுக் கேட்பதற்கென்றே தனி செட்டிங் இருக்கிறது. காதுக்குள் போகாத சங்கீதம் எத்தனை லட்சம் ஸ்பீக்கரிலிருந்து வந்தால் என்ன?

சரி, காது நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். விலை கூடினால் ஒலி கூடுமா?

கூடும். ஆனால் நீங்கள் நினைக்கிற கணக்கில் இல்லை. விலை அதிகமான டவரில் பெட்டி கனமாக, உள்ளே குறுக்குச் சட்டம் வைத்துக் கட்டப்பட்டிருக்கும். வூஃபர் அடிக்கும்போது பெட்டி கூடவே நடுங்காது. வூஃபரையும் ட்வீட்டரையும் பிரித்துக் கொடுக்கிற சர்க்யூட்டில் நல்ல சாமான் போட்டிருப்பார்கள். இதெல்லாம் நிஜமான லாபம். மிச்ச விலை மேலே ஒட்டிய மரத்தோலுக்கும், பளபளப்புக்கும், இறக்குமதி வரிக்கும், விளம்பரத்துக்கும், கடை ஏ.சி.க்கும் போகிறது.

இதை வெறும் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. கனடாவில் ஃப்ளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி, அந்த நாட்டு அரசின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் வருஷக்கணக்காக ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார். பிறகு ஹார்மன் கம்பெனிக்குப் போய், ஷான் ஆலிவ் என்பவரோடு சேர்ந்து 1994-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மார்க் போட்டபோது பெரிசும் அழகும் மேலே போயின. திரையைப் போட்டதும் மார்க் மாறிவிட்டது. சின்னதாக, விலை குறைவாக இருந்த செட்டு, கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் மார்க்கை இழந்தது! இத்தனைக்கும் மார்க் போட்டவர்கள் சங்கீதம் தெரியாதவர்கள் இல்லை. அந்த ஸ்பீக்கர் கம்பெனியிலேயே வேலை பார்க்கிறவர்கள்.

டூல் இன்னொன்றும் கண்டார், அது நம் பத்திரிகைக்கு உரியது. காது கேட்கும் திறன் குறைந்தவர்கள் போடுகிற மார்க் ஒரே சீராக இருப்பதில்லை. இதே ஸ்பீக்கருக்கு இன்றைக்கு எட்டு, நாளைக்கு ஐந்து. அப்படிப்பட்ட காதோடு லட்சக்கணக்கில் பணம் எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தால், தேர்ந்தெடுப்பது காதா, கடைக்காரரின் வாயா?

அடுத்தது வாட்ஸ். ஒரு காலத்தில் டூ-இன்-ஒன் மேல் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும், ஞாபகம் இருக்கிறதா? பிளக்கில் போனால் வீட்டு மீட்டரே கருகிப் போகும் என்கிற மாதிரி! அது கண நேரத்துக்கு வரக்கூடிய ஏதோ ஓர் உச்சத்தைக் கற்பனையாகப் பெருக்கிப் போட்ட நம்பர். கேட்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ். அதிலும் 50 வாட்ஸுக்குப் பதில் 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது, 3 டெசிபல்தான் கூடும். கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசமே தெரியும். வீட்டு ஹாலில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் செலவழிப்பது ஒரு வாட், இரண்டு வாட். மிச்சம் எல்லாம் தவில் தனி ஆவர்த்தனத்தில் திடீரென்று எகிறும்போது கைகொடுப்பதற்காக.

இதையெல்லாம் விடப் பெரிய வில்லன் ஒருவர் இருக்கிறார். உங்கள் ஹால்!

நம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரூம்களை நினைத்துப் பாருங்கள். 12-க்கு 10 அடி, உயரமும் 10 அடி. கீழே மொசைக் அல்லது டைல்ஸ், மேலே கான்கிரீட், நாலு பக்கமும் பூச்சு சுவர். கை தட்டினால் 'டிங்' என்று திரும்பி வரும். ஒலி ஒரு செகண்டில் சுமார் 1,130 அடி ஓடும். ரூம் நீளத்தை இரண்டால் பெருக்கி அந்த 1,130-ஐ அதால் வகுத்துப் பாருங்கள். 12 அடிக்கு 47 வருகிறது. அதாவது 47 ஹெர்ட்ஸ் வந்தால் உங்கள் ரூம் தானும் சேர்ந்து கத்தும். 10 அடிக்கு 56. அகலமும் உயரமும் ஒரே 10 அடியாக இருப்பதால் 56-ல் டபுள் கத்தல். பேஸ் கிடாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்பீக்கர் இந்த ஆழத்துக்குப் போகாது, அதனால் தப்பித்தீர்கள். டவர் போகும். மூன்று லட்ச ரூபாய் டவர் இன்னும் நன்றாகவே போகும்! ஆழமான பேஸுக்காகப் பணம் கொடுத்து, அந்த பேஸாலேயே 'தொம் தொம்' என்று தலைவலி வாங்குகிற விசித்திரம் இதுதான்.

செலவில்லாத வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாமல் ஒன்றரை, இரண்டு அடி தள்ளி வையுங்கள், மூலையில் வைக்கவே வேண்டாம். தரையில் கனத்த ஜமக்காளம். எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் துணி. பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்திப் பாருங்கள், ரூம் எவ்வளவு அடங்குகிறது என்று! அடக்கமான விலை டவரை இப்படிச் சரி பண்ணின ரூமில் வைத்தால், சரி பண்ணாத ரூமில் நிற்கிற லட்ச ரூபாய் டவரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

எதைக் கேட்கப்போகிறீர்கள் என்பதும் இருக்கிறதே. வாய்ப்பாட்டு என்றால் ஆண் குரலின் அடித்தளம் 85 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஆரம்பம், பெண் குரலுக்கு அதைவிட மேலே. எம்.எஸ். அம்மாவின் பழைய ரெக்கார்டுகளைக் கேட்க 30 ஹெர்ட்ஸ் தேவையே இல்லை, நடு ஸ்தாயி சுத்தமாக இருந்தால் போதும். 1939-ல் திருச்சி வானொலி ஆரம்பித்த நாளிலிருந்து, மீடியம் வேவில் வந்த ஒலி பெரும்பாலும் 5 ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியதில்லை. அதுவும் ஒரே ஒரு ஸ்பீக்கரில். அதைக் கேட்டே ராகம் கண்டுபிடித்த பாட்டிகள் ஸ்ரீரங்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள்! இரைச்சலோடு இருக்கிற பழைய ரெக்கார்டை உயர்ந்த ஸ்பீக்கரில் போட்டால் அந்த இரைச்சல்தான் இன்னும் நன்றாகக் கேட்கும். வாய்ப்பாட்டுப் பிரியர்களுக்கு டவரே வேண்டாம், ஸ்டாண்டில் வைக்கிற நல்ல சின்ன ஜோடி போதும் என்பேன். சினிமாப் பாட்டின் பேஸும், தவிலும், உறுமியும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் டவர்.

டவருக்கு ஆதரவாக ஒரு நியாயமான விஷயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சத்தம் குறையக் குறைய நம் காது கீழ் ஒலிகளை முதலில் விட்டுவிடும். இதை 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னெஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும், அது இதற்காகத்தான். பேஸ் இல்லாத சின்ன ஸ்பீக்கரில் பாட்டு சப்பென்று இருக்கிறதே என்று வால்யூமை ஏற்றுகிறோம். பேஸ் நிறைவாக வருகிற டவரில் குறைந்த சத்தத்திலேயே திருப்தி கிடைத்துவிடும். நல்ல ஸ்பீக்கருக்கு என் இலக்கணம் இதுதான்: மெதுவாக வைத்தாலும் குரல் தெளிவாக இருக்க வேண்டும். விலைச் சீட்டில் இது எழுதியிருக்காது.

ஏன் மெதுவாக? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் 5 மணி. 92-க்குப் போனால் வாரத்துக்கே இரண்டரை மணி நேரம்தான், ஒரு சினிமா பார்த்தால் தீர்ந்தது! பெரிய டவர்கள் அந்த 92-ஐ மூச்சே விடாமல் கொடுக்கும், காதுக்கு உறுத்தவும் உறுத்தாது. மட்டமான ஸ்பீக்கர் கர்புர் என்று கத்தித் தானாகவே உங்களை வால்யூமைக் குறைக்க வைக்கும். சுத்தமான ஒலி அந்த எச்சரிக்கையைத் தராது. விலை உயர்ந்த ஸ்பீக்கரின் ஆபத்து இதில்தான் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டையும் நினையுங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, ராத்திரி பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. குரல் சுவரில் நின்றுவிடும், பேஸ் நிற்காது. அந்தப் பக்கம் ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணோ, பைபாஸ் பண்ணிக்கொண்டு வந்த பெரியவரோ இருக்கலாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், டவர் உயரமாக, ஒல்லியாக, பதினைந்து இருபது கிலோ கனமாக நிற்கிற சாமான் என்பதை மறக்காதீர்கள். தவழ்ந்து வந்து பிடித்து எழுந்து நிற்கத் தோதான உயரம்! அகலமான அடித்தட்டு இருக்கிறதா, லேசாகத் தள்ளினால் ஆடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். தேவைப்பட்டால் சுவரில் ஆணி அடித்து வார் போட்டுப் பிடித்து வையுங்கள். இன்னொரு எதிரி தினசரி ஈரத்துணி. பெட்டிகள் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, அடியில் தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும். ஒரு கிரானைட் துண்டை அடியில் போடுங்கள். வூஃபர் ஓரத்தில் இருப்பது ரப்பரா ஸ்பாஞ்சா என்று கேட்டு, ரப்பராகப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் ஸ்பாஞ்ச் பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடிந்து உதிரும்.

ஆக, 12-க்கு 10 ஹாலுக்கு அடக்கமான விலை டவர், அல்லது ஸ்டாண்டில் நிற்கிற சின்ன ஜோடி. என் ஓட்டு இதற்குத்தான். பெரிய ஹால், நல்ல காது, கடன் இல்லாத பணம் மூன்றும் இருப்பவர் லட்சத்துக்குப் போகட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். பெண் கல்யாணத்துக்கு எடுத்து வைத்ததில் கை வைக்க வேண்டாம்.

கடைக்குப் போகும்போது வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாய்லர் ஷாப்பில் நிற்காத காது பெரும்பாலும் அவருடையதுதான், தீர்ப்பும் அவருடையதாக இருக்கட்டும். நீங்கள் நூறு தடவை கேட்ட ஒரு பெண் குரல் பாட்டு, ஒரு செய்தி வாசிப்பு, ஒரு மிருதங்கம். இந்த மூன்றையும் கொண்டுபோய், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தத்தில் போடச் சொல்லுங்கள். ஒன்று துளி சத்தம் கூடுதலாக இருந்தாலும் அதுதான் உயர்ந்தது போலத் தோன்றும், கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். விலையைக் கேட்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நீங்கள் வழக்கமாகத் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து கேட்கிறவர் என்றால், கடை சோபாவில் உட்காராமல் கூச்சப்படாமல் தரையிலேயே உட்காருங்கள். ட்வீட்டர் காது உயரத்துக்கு வந்தால்தான் சரியான ஒலி தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் செல்போனில் இலவசமாகக் கிடைக்கிற டெசிபல் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கி, நீங்கள் உட்காருகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, தோராயத்துக்குப் போதும். 75 காட்டுகிற இடத்தில் வால்யூம் திருகில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். ரிமோட்டை மட்டும் பேரன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.